சீறும் துப்பாக்கி, தேயும் ரப்பர்

காற்றில் இயங்கும் ஆணித் துப்பாக்கியில் வரும் பல கோளாறுகளை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்

தேஹு ரோடுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் புதிதல்ல. புனேயிலிருந்து மும்பை செல்லும் பழைய நெடுஞ்சாலையில், ராணுவக் கிடங்குகளைச் சுற்றி வளர்ந்த கன்டோன்மென்ட் ஊர் இது. 1984ல் இங்கு தொடங்கப்பட்ட ஆயுதத் தொழிற்சாலை, 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. கிடங்கு வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆனால் இந்தப் பகுதியின் மரப் பட்டறைகளிலும் கட்டி முடியும் அடுக்குமாடி வீடுகளிலும் நாள் முழுவதும் 'டப் டப்' என்று வெடிப்பது வேறு துப்பாக்கி. அதில் வெடிமருந்து இல்லை. காற்றுதான் மருந்து, ஆணிதான் தோட்டா.

நெயில் கன் என்று தச்சர்கள் அழைக்கும் இந்தக் கருவிக்குப் புனேயின் இந்த வடமேற்கு மூலையில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் பிம்ப்ரி-சிஞ்ச்வட், இன்னொரு பக்கம் தளவடே, சிக்கலி, சற்றுத் தள்ளி சாக்கன். கார் உதிரிபாகமோ இயந்திரமோ லாரி ஏற வேண்டுமானால் அதற்கு முன் மரப் பேலட்டில் ஏற வேண்டும். பேலட்டின் பலகைகளை இணைக்க சிஎன்-55 வகைத் துப்பாக்கி. சுருளாகக் கோத்த ஆணிகளைச் சரசரவென்று இறக்கும். வீட்டுக்குள் பிளைவுட் வேலைக்கு எஃப்-30. அது 30 மில்லிமீட்டர் வரையிலான மெல்லிய ஆணிகளைத் தலை தெரியாமல் புதைக்கும். சிமென்ட் சுவரில் சட்டம் அடிக்க எஸ்டி-64. ஒரு காலத்தில் பெரிய கான்ட்ராக்டரிடம் மட்டுமே இருந்த இவை, மலிவான இறக்குமதி மாடல்கள் வந்த பிறகு தனித் தச்சரின் பைக்குள்ளும், ஞாயிற்றுக்கிழமை தச்சு வேலை செய்யும் குடும்பத் தலைவரின் பரணுக்கும் வந்துவிட்டன.

மலிவாக வந்த கருவிக்கு சர்வீஸ் சென்டர் கூடவே வருவதில்லை. ஒரு நாள் துப்பாக்கி சீறத் தொடங்குகிறது. அல்லது பத்து முறை அழுத்தினால் ஏழு முறைதான் ஆணி இறங்குகிறது. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய தச்சருக்கு அன்றைய பிழைப்பு அந்தச் சீறலோடு போகிறது. எனவே கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுவேலை. சமையலறை எண்ணெயில் நாலு சொட்டு, எம்-சீல் ஒரு உருண்டை, ஒத்துழைக்காத பாதுகாப்பு முனையைப் பின்னால் இழுத்து ஒரு கம்பிக் கட்டு. வேலை அன்றைக்கு நடந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

காற்று செய்யும் வேலை

துப்பாக்கியைப் பழுது பார்க்கப் புறப்படுமுன் அதற்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று கைப்பிடிக்குள் நிறைந்து காத்திருக்கும். உள்ளே ஒரு சிலிண்டர், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனின் அடியில் நீண்ட எஃகுத் தகடு. இந்தத் தகடுதான் சுத்தியல். சிலிண்டரின் வாயை மேலிருந்து ஒரு வால்வ் மூடியிருக்கும். விசையை அழுத்தினால் அந்த வால்வை அழுத்திப் பிடித்திருக்கும் காற்று வெளியேறும். வால்வ் தூக்கிக்கொள்ளும். காத்திருந்த காற்று மொத்தமாகப் பிஸ்டனின் தலையில் பாயும். பிஸ்டன் கீழே பாய்ந்து ஆணியை இறக்கிவிட்டு, அடியில் உள்ள பம்பர் என்னும் கெட்டி ரப்பரில் மோதி நிற்கும். விசையை விட்டதும் மேல் வால்வ் மூடும். பயன்பட்ட காற்று தலைப்பகுதித் துளை வழியே வெளியே போகும். சிலிண்டரைச் சுற்றியுள்ள அறையில் சேர்ந்த கொஞ்சம் காற்று பிஸ்டனை மீண்டும் மேலே தள்ளிவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் இத்தனையும் முடிந்துவிடுகிறது.

இதில் உள்ள பலத்தைக் கணக்கிடுவது சுலபம். பிஸ்டனின் விட்டம் 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐ, அதாவது சதுர செ.மீ.க்கு சுமார் 7 கிலோ. ஆக பிஸ்டன் மீது 140 கிலோ எடை விழுகிறது. விரலும் ஆணியும் அதற்கு ஒன்றுதான்.

இவ்வளவு பலத்தையும் கட்டுக்குள் வைத்திருப்பது சில ரப்பர் வளையங்கள். ஓ ரிங் என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் இந்த வளையத்துக்கு டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939ல் காப்புரிமை பெற்றார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்தவர். ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து, அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகி அடைத்துக்கொள்ளும் அந்த எளிய வளையம் விமான பிரேக் முதல் குக்கர் வரை போகாத இடமில்லை. அது தோற்றால் என்ன ஆகும் என்பதை 1986 ஜனவரி 28 அன்று உலகம் பார்த்தது. உறைபனிக் குளிரில் விறைத்துப்போன ஓ ரிங் ஒழுகியதால் சேலஞ்சர் விண்கலம் ஏழு பேருடன் அழிந்தது. தச்சுப் பட்டறையில் அவ்வளவு பெரிய விபரீதம் நேராது. ஆனால் காரணம் அதேதான்: ரப்பர் காய்ந்தாலோ, விறைத்தாலோ, வெட்டுப்பட்டாலோ காற்று வழி கண்டுபிடித்துவிடும்.

சீறல் எங்கிருந்து?

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை, காதைத் தீட்டுகிறார். ஆணிகளை முழுதாக எடுத்துவிட்டு, முனையை ஒரு கட்டைப் பலகையை நோக்கி வைத்து, விரல் விசையைத் தொடாமல், காற்றுக் குழாயை மாட்ட வேண்டும். சீறல் எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடி அணியாமல் இந்தச் சோதனைகூடக் கூடாது.

குழாய் மாட்டும் இணைப்பில் சீறினால் கோளாறே இல்லை என்று சொல்லலாம். இணைப்பைக் கழற்றி, மரையில் டெஃப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே மூன்று நான்கு சுற்று சுற்றி இறுக்கினால் போதும். தலைமூடிக்கும் உடலுக்கும் இடையே சீறினால் போல்ட் தளர்ந்திருக்கும் அல்லது கேஸ்கெட் கிழிந்திருக்கும். விசைக்கு அருகில் என்றால் விசை வால்வில் உள்ள சிறிய ஓ ரிங். விசையைத் தொடாதபோதே தலைப்பகுதித் துளையில் காற்று போய்க்கொண்டிருந்தால் மேல் வால்வின் வளையங்கள். முனைப்பக்கம் சீறினால் சிலிண்டரின் கீழ் வளையமோ பம்பரோ தேய்ந்திருக்கக்கூடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அழுத்தத்தை மெதுவாக ஏற்றும்போது பல துப்பாக்கிகள் தொடக்கத்தில் சீறும். மேல் வால்வ் சரியாக உட்காரப் போதிய அழுத்தம் வேண்டும் என்பதே காரணம். 60 பிஎஸ்ஐ தாண்டியதும் தானே அடங்கிவிட்டால் பிரிக்கத் தேவையில்லை.

பிரிப்பதற்கு முன் இன்னொரு எளிய சிகிச்சை இருக்கிறது. நாட்கணக்கில் சும்மா கிடந்த துப்பாக்கியில் வளையங்கள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காற்று நுழையும் வாயில் நாலைந்து சொட்டு நியுமாட்டிக் எண்ணெய் விட்டு, பத்து இருபது முறை பழைய பலகையில் சுட்டால் பல சீறல்கள் நின்றுவிடும். ஐஎஸ்ஓ விஜி 32 என்று குறித்திருக்கும், டிடர்ஜென்ட் கலக்காத எண்ணெய்தான் இதற்கு உரியது. வண்டி எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எல்லாம் ரப்பரை உப்ப வைக்கும் அல்லது காய வைக்கும். தேங்காய் எண்ணெய் தமிழர் வீட்டில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். புனேயின் டிசம்பர் காலையில் தலைக்குத் தேய்க்கவே புட்டியை வெயிலில் வைக்க வேண்டியிருக்கிறது. துப்பாக்கிக்குள் அது மெழுகாக உட்கார்ந்துகொள்ளும்.

பிரித்து மாட்டுதல்

எண்ணெய்க்கும் அடங்காத சீறலுக்குத்தான் பிரிப்பு. முதல் வேலை காற்றுக் குழாயைக் கழற்றுவது. கம்ப்ரஸரை அணைத்தால் மட்டும் போதாது. டேங்கில் மீதி இருக்கும் காற்று பல ஆணிகளைச் சுடும் தெம்புடன் இருக்கும். குழாயைக் கழற்றி, ஆணிப் பெட்டியைக் காலி செய்து, முனையைத் தரையை நோக்கி வைத்து விசையை ஒரு முறை அழுத்தி உள்ளே எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஆலன் கீ.

தலைமூடியில் நாலு போல்ட் இருக்கும். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மூடியைத் தள்ளிக்கொண்டு வரும் என்பதால் ஒரு கை மேலே இருப்பது நல்லது. கழற்றும் ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்க வேண்டும். செல்போன் இருக்கும் காலத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்வது எந்த நினைவாற்றலையும் விட மேல். மாட்டும்போது வால்வ் தலைகீழாகப் போவது புதிதாகப் பழகுபவரிடம் அடிக்கடி நடக்கும் தவறு.

வளையத்தைப் பள்ளத்திலிருந்து எடுக்க ஊசியோ ஸ்குரூ டிரைவரோ வேண்டாம். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது வளையமும் ஒழுகும். மூங்கில் குச்சி போதும். பழைய வளையத்தில் தட்டையான பக்கம், வெடிப்பு, வெட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வளைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று தேய்ந்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான். அதனால் அனைத்தையும் மாற்றிவிடுவது உத்தமம்.

மாடல் எண் தெரிந்தால் ஓ ரிங் கிட் என்று மொத்தமாகவே கிடைக்கும். கிடைக்காதபோது பழையதை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போக வேண்டும். புனேயில் ரவிவார் பேட்டையின் போஹ்ரி ஆளி, மும்பையில் நாக்தேவி தெரு, சென்னையில் பாரிமுனையைச் சுற்றிய தெருக்கள் என ஊருக்கு ஊர் இதற்கென்று இடம் இருக்கிறது. வளையத்துக்கு இரண்டு அளவுகள்: உள்விட்டம், ரப்பரின் தடிமன். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்க வேண்டும். 'கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லா அடைக்கும்' என்ற கடைக்காரரின் ஆறுதல் இங்கே செல்லாது. தடித்த வளையம் பிஸ்டனைப் பிடித்து இழுத்து, ஒழுகாத ஆனால் சுடாத துப்பாக்கியைத் தரும்.

சிலிண்டரையும் பள்ளங்களையும் உலர்ந்த துணியால் துடைத்து, புது வளையத்துக்கு மெல்லிய பூச்சாக ஓ ரிங் கிரீஸ் தடவி, முறுக்கில்லாமல் உட்கார வைத்து, மூடியைப் போட்டு, போல்ட்களை மறுபடியும் குறுக்காக இறுக்க வேண்டும். உடல் பெரும்பாலும் அலுமினியம் அல்லது மெக்னீசியக் கலவை. பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். அடுத்து சோதனை. ஆணி இல்லாமல், பாதி அழுத்தத்தில், முனையைக் கட்டையில் பதித்து இரண்டு மூன்று முறை சுட்டால் போதும். ஆணியின்றி அதிகம் சுடுவது பம்பரைத் தின்றுவிடும்.

மழையைக் குடிக்கும் கம்ப்ரஸர்

வளையம் மாற்றி ஒரு மாதத்தில் மறுபடியும் சீறினால் குற்றவாளி துப்பாக்கி அல்ல, அதற்குத் தீனி போடும் காற்று. கம்ப்ரஸர் தொழிலில் புனேக்கும் கோவைக்கும் பெயர் உண்டு. கிர்லோஸ்கர் நியுமாட்டிக் 1958லும் கோவையின் எல்ஜி எக்விப்மென்ட்ஸ் 1960லும் தொடங்கின. ஆனால் எந்தக் கம்பெனியின் கம்ப்ரஸரும் சுற்றியிருக்கும் காற்றைத்தான் உறிஞ்சும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சஹ்யாத்ரியை ஒட்டிய இந்தப் பகுதியின் காற்றில் ஈரம் சொட்டும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் மழைக்காலக் காற்றில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காக அமுக்கிக் குளிரவிட்டால் சுமார் 3 கிராமுக்குத்தான் இடம். மீதி தண்ணீராகிவிடும். நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று இழுக்கும் சிறு கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் டேங்கில் சேரும் தண்ணீர் சுமார் 100 மில்லி. அரை டம்ளர்.

இந்தத் தண்ணீர் குழாய் வழியே துப்பாக்கிக்குள் போய் எண்ணெயைக் கழுவி, ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. பரிகாரம் எளிது. மாலையில் வேலை முடிந்ததும் டேங்கின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்துவிட வேண்டும். குழாயில் ஒரு நீர் வடிகட்டி இருந்தால் இன்னும் நல்லது. செலவே இல்லாத இந்த ஒரு பழக்கம் வளையத்தின் ஆயுளை நீட்டிவிடும்.

சுடாததும் தானே சுடுவதும்

சீறல் ஒரு தொல்லை. குறி தவறுவது வேறு கதை. அதிலும் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை, அழுத்தினால் வெற்றுச் சத்தம், ஆணி இல்லை. அல்லது ஆணி பாதி மட்டும் இறங்குகிறது. இதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சாதுவானவை. ஆணிப் பெட்டியில் மரத்தூளும் பசையும் சேர்ந்து ஆணி நகராமல் போயிருக்கலாம். தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கேஜ் மாறிய ஆணியைப் போட்டிருக்கலாம். நீளமான, மெல்லிய குழாயில் காற்று வந்து சேர்வதற்குள் அடுத்த விசை அழுத்தப்பட்டிருக்கலாம். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் அடி பலவீனமாகும். பம்பரின் உடைந்த துண்டு உள்ளே கிடந்தால் தகடு முழுதாக மேலே திரும்பாது, அடுத்த ஆணிக்கு வழி விடாது. ஆணி அடிக்கும் தகட்டின் நுனி மழுங்கியிருந்தால் ஆணியின் தலையை விட்டு வழுக்கும். சுத்தம், எண்ணெய், சரியான ஆணி, புது வளையம் என்று வரிசையாகப் பார்த்தால் வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது வகை ஆபத்தானது. குழாயை மாட்டியதுமே சுடுகிறது, விசையை விட்ட பிறகும் சுடுகிறது, ஒரு அழுத்தலுக்கு இரண்டு ஆணி போகிறது, பாதுகாப்பு முனை பலகையில் படாமலே சுடுகிறது. விசை வால்வ் முழுதாக மூடாமலோ, பாதுகாப்பு முனை துருப்பிடித்து உள்ளேயே சிக்கிக்கொண்டோ இருக்கலாம். அந்தத் துப்பாக்கியை உடனே குழாயிலிருந்து கழற்றி, 'உபயோகிக்கக் கூடாது' என்று எழுதிக் கட்டி ஒதுக்க வேண்டும். முனையைச் சுத்தம் செய்து ஸ்பிரிங்கை மாற்றிப் பார்க்கலாம். விசை வால்வை அந்த மாடலுக்குரிய முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் தெரிந்த மெக்கானிக்கிடம் போக வேண்டும். வீட்டு வைத்தியத்தின் எல்லை அதுவரைதான்.

இந்த எல்லையை மீறுவதன் விலை அமெரிக்கக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. அங்கு வேலைக்காரர் அல்லாத சாதாரண வீட்டு உபயோகிப்பாளர்களில் ஆணித் துப்பாக்கியால் காயம்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் 1991ல் சுமார் 4,200. 2005ல் அது சுமார் 14,800. தொழிலாளர்களையும் சேர்த்தால் 2001-05 காலத்தில் ஆண்டுக்குச் சராசரி 37,000. கருவி மலிவாகி வீட்டுக்கு வந்த கதைதான் அது. காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும். அந்நாட்டு அரசு 2011ல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு ஒரு முக்கியமான வித்தியாசத்தைச் சுட்டுகிறது. விசையைப் பிடித்தபடியே முனையைத் தொட்டுத் தொட்டுச் சுடும் வகையில் காயத்தின் அபாயம், முதலில் முனை, பிறகு விசை, ஒரு அழுத்தலுக்கு ஒரு ஆணி என்ற வகையைப் போல இரு மடங்கு. பல துப்பாக்கிகளில் ஒரு சிறிய மாற்றத்தால் இரண்டாவது வகைக்கு மாறிவிடலாம். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பாதுகாப்பு முனையைக் கம்பியால் கட்டுபவர் இந்த இரண்டு காவலையும் ஒன்றாகக் கழற்றிவிடுகிறார். பிறகு ஏணியில் ஏறும்போது முழங்காலில் முனை இடித்தால்கூடப் போதும்.

கம்ப்ரஸர் பழுதான நாளில் சிலருக்குத் தோன்றும் ஒரு யோசனையையும் இங்கேயே புதைத்துவிட வேண்டும். பட்டறை மூலையில் இருக்கும் வெல்டிங் ஆக்ஸிஜன் சிலிண்டரில் துப்பாக்கியை மாட்டுவது. எண்ணெய் பூசிய கருவிக்குள் அழுத்தமான ஆக்ஸிஜன் நுழைந்தால் அது தீப்பிடித்து வெடித்துச் சிதறும். எந்த வாயு சிலிண்டரும் இதற்கு ஆகாது. காற்றையும் துப்பாக்கியில் குறித்திருக்கும் உச்ச அழுத்தத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. பெரும்பாலான மாடல்களுக்கு அது 100 முதல் 120 பிஎஸ்ஐ.

மீறியும் ஆணி கையில் பாய்ந்துவிட்டால் பிடுங்கக் கூடாது. ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருப்பது அந்த ஆணியாகவே இருக்கலாம். அசையாமல் துணியால் அணைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறு துளைதானே என்று விட்டுவிட்டால் எலும்பு வரை தொற்றுப் போகும். டெட்டனஸ் ஊசி கட்டாயம்.

பெரிய தொழிற்சாலையில் கருவி கெட்டால் வேறு கருவி வரும், விரல் போனால் விசாரணை வரும். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பேலட் பட்டறையிலும் ஒற்றைத் தச்சரின் கான்ட்ராக்டிலும் அந்த ஆடம்பரம் இல்லை. அங்கே கருவியையும் விரலையும் காப்பாற்ற வேண்டியவர் அதைப் பிடித்திருப்பவர்தான். அவருக்கு வேண்டிய சாமான் பட்டியல் நீளமானதல்ல: ஒரு ஆலன் கீ செட், ஒரு ஓ ரிங் கிட், ஒரு சிறிய எண்ணெய்ப் புட்டி, ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. அத்துடன் காற்றுக் குழாயைக் கழற்றாமல் எதையும் தொடுவதில்லை என்ற பிடிவாதம்.